பாய்லர் மாப்பிள்ளை

பெம்பானை அடுத்த ரப்பர்த் தோட்டத்துக் குளத்தில் ஓடிக்கொண்டிருந்த இரண்டரை அடி நீள நீராவிக் கப்பலொன்று, 1928-ஆம் ஆண்டு ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை, கட்டிவைத்த பாய்லரோடு குடித்தனம் ஒத்துவராமல் கரையேறி, சாலை வழியாகத் தெங்கேராவிலுள்ள தன் தாய்வீட்டுக்குப் போய்விட்டது. இடது ஓரமாகவே போனதால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. எதிரே வந்த மாட்டுவண்டிக்காரர் ஒதுங்கி வழிவிட்டார். கோபித்துக்கொண்டு போகிறவர்களை வழியில் நிறுத்திப் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியும்.

இத்தனைக்கும் காரணம் ஒரு சொல். தோட்டத்துத் துரை சீமைக்கு லீவில் போய்த் திரும்பியபோது, மரப்பெட்டிகளில் குட்டிக் குட்டியாகப் பாய்லர்களும் என்ஜின்களும் கொண்டுவந்தார். அக்கம்பக்கத்துத் துரைமாரை வரவழைத்துக் குளத்தில் கப்பல் பந்தயம் நடத்த வேண்டும் என்பது அவருடைய ஆசை. கப்பல் கூடுகளைத் தெங்கேராவில் ஷம்சுதீன் ராவுத்தர் இலேசான பூலாய் மரத்தில் குடைந்து அனுப்பினார். எந்தக் கூட்டுக்கு எந்தப் பாய்லர், எந்த என்ஜின் என்று ‘மேட்ச்’ பண்ணி வைக்கும்படி துரை, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பாலகிருஷ்ணனிடம் சொன்னார். பாலகிருஷ்ணன் அப்போது மூத்த மகளுக்கு வரன் தேடி அலுத்துப்போயிருந்தார். அந்தச் சொல்லுக்கு வேறொரு அர்த்தம் உண்டு என்பதே அவருக்கு மறந்திருந்தது. நேரே ஆலைக்குப் போய், பாய்லருக்கு விறகு போட்டு ஆவி ஏற்றும் பெரியதம்பியிடம், துரை உடனே பொருத்தம் பார்க்கச் சொல்கிறார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். பெரியதம்பிக்கு இது விசித்திரமாகவே படவில்லை. முன்பிருந்த துரை, காலையில் கோழிகளை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடச் சொன்னவர்.

தவிர, பெரியதம்பிக்கு இதில் சொந்த அக்கறை ஒன்று இருந்தது. தைப் பொங்கலுக்கு, பத்து பெரண்டாம் என்ற ஊரிலிருக்கும் தாய்வீட்டுக்குப் போன அவன் மனைவி காளியம்மா திரும்பி வரவில்லை. மாமியாருக்கு உடம்பு சரியில்லை, அதனால்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அந்த மாமியார் சந்தையில் மீன்காரனோடு மூச்சுவிடாமல் சண்டை போடுவதைத் தோட்டத்தில் பாதிப் பேர் பார்த்திருந்தார்கள். பார்த்ததை அவனிடம் சொல்லாமல் தங்களுக்குள் வைத்துச் சிரித்துக்கொண்டார்கள். காளியம்மா திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான் பெரியதம்பிக்கு வேண்டியது. கல்யாணத்தின்போது பொருத்தம் சரியாகப் பார்க்கவில்லை, அதுதான் கோளாறு என்று அவன் முடிவு கட்டியிருந்தான். கப்பல்களுக்குப் பார்த்துக் கை பழகிவிட்டால், தன் கல்யாணத்தில் எது இடிக்கிறது என்று கண்டுபிடித்துப் பரிகாரம் செய்துவிடலாம்.

கூடு பெண், பாய்லர் மாப்பிள்ளை. பாய்லருக்குத்தான் சூடு அதிகம் என்பதால் இதில் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து சத்தம் போடும் என்ஜின் யார் என்பதில்தான் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளில் இரண்டு கட்சி உண்டாயிற்று. தரகர் என்றது ஒரு கட்சி. நாத்தனார் என்றது மற்றது. அதில் பெண்கள் அதிகமாக இருந்ததால் அதுவே நிலைத்தது. பெட்டி திறந்த நாளைப் பாய்லருக்குப் பிறந்த நாளாக வைத்துக்கொண்டான் பெரியதம்பி. கூட்டுக்கு மரம் வெட்டிய நாள் என்ன என்று தெங்கேராவுக்கு ஆளனுப்பிக் கேட்டதற்கு, நாள் ஞாபகமில்லை, அன்றைக்கு மழை பெய்தது என்று ராவுத்தர் சொல்லியனுப்பினார். அதுவே போதுமென்று நட்சத்திரம் கணித்தான்.

முதல் சம்பந்தம் பிரமாதமாக அமைந்தது. அகன்ற இடுப்புள்ள இழுவைக் கப்பலில் உயரமாக நிற்கும் பாய்லரை வைத்தான். ஒருமுறை ஸ்பிரிட் விளக்கை ஏற்றியதோடு சரி, விளக்கு அணைந்த பிறகும் அது மனநிறைவிலேயே மாதக்கணக்கில் ஓடியது. குளத்தில் குளிக்க வருகிறவர்கள்தான் அதைப் பிடித்துக் கட்டிவைக்க வேண்டியிருந்தது. அதே ரகப் பாய்லரை ஒல்லியான கூடு ஒன்றில் வைத்தபோது தலை கனத்துக் குப்புறக் கவிழ்ந்தது. அந்தச் சம்பந்தத்தை நிச்சயதார்த்தத்தோடு முறித்துக்கொண்டார்கள். மூன்றாவதாக வந்தவள்தான் பச்சைக்காரி. நீளமாய், ஒடிசலாய், பச்சை வர்ணத்தில் இருந்ததால் லயத்தில் வைத்த பெயர் அது. ராவுத்தரின் மனைவி ரம்லா பீவி தன் கையாலேயே வர்ணம் பூசிக் கண்கலங்கி அனுப்பிவைத்த கூடு. படுத்த வாக்கில் பொருத்தும் சிறிய பாய்லர் ஒன்று அதற்குப் பத்துப் பொருத்தமும் பொருந்தி வந்தது. என்ஜின் மட்டும் இரட்டைச் சிலிண்டர். பெட்டியில் மிஞ்சியிருந்தவற்றில் அதுதான் பார்க்கப் பகட்டாக இருந்தது.

பச்சைக்காரி கரையிலிருந்து அம்பு மாதிரி கிளம்புவாள். நடுக்குளம் போனதும் உடம்பெல்லாம் நடுங்க நின்றுவிடுவாள். பாய்லர் மூச்சிரைக்கும், எவ்வளவு ஆவி போட்டாலும் இரட்டைச் சிலிண்டர் ஒரே மடக்கில் குடித்துவிட்டு இன்னும் வேண்டும் என்று தட்டும். ஒவ்வொரு முறையும் யாராவது நீந்திப் போய்த் தள்ளிக்கொண்டு வர வேண்டும். பெரியதம்பி ஆவியையும் பார்க்கவில்லை, என்ஜினையும் பார்க்கவில்லை. பொண்ணுக்கு நிதானம் போதவில்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். அவன் அப்படிச் சொன்ன நாள்தான் அவள் கரையேறிப் போன அந்த வியாழக்கிழமை.

பந்தயத்துக்குள் கப்பல் குளத்தில் இருக்க வேண்டும் என்று துரை சொல்லிவிட்டார். பெரியதம்பி பஸ் பிடித்துத் தெங்கேரா போனான். ராவுத்தர் வீட்டு முற்றத்தில் பச்சைக்காரி ஒரு தொட்டியில் மிதந்துகொண்டிருந்தாள். சாலையில் தேய்ந்த அடிப்பாகத்துக்குப் புதுப் பூச்சு கிடைத்திருந்தது. ராவுத்தர் வேறொரு கூட்டைக் குடைந்துகொண்டிருந்தார்.

“வாங்க சம்பந்தி,” என்றாள் ரம்லா பீவி. “இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?”

பெரியதம்பி பத்துப் பொருத்தத்தையும் விரல்விட்டுச் சொன்னான். அவள் முழுவதும் கேட்டாள்; நடுவில் தேத்தண்ணியும் கொடுத்தாள்.

“மாப்பிள்ளையை நான் குறை சொல்லலை. தங்கமான பாய்லர். பாடுபட்டுக் கொண்டாற ஆவியை யாரு குடிக்கிறது?”

“ரெட்டைச் சிலிண்டர்லா,” என்றார் ராவுத்தர், உளியை நிறுத்தாமல்.

“எம்பொண்ணு வாயில ஒரு சொட்டு விழுந்துச்சா? நடுக்குளத்துல பட்டினியா நின்னவளைப் பார்த்து நிதானமில்லைன்னீங்களாமே, சம்பந்தி?”

பெரியதம்பி பதில் சொல்ல வாயைத் திறந்தான். நிதானமில்லை என்ற வார்த்தையை அவன் இதற்கு முன்பு ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தான். கல்யாணமான மறுமாதமே அவன் அக்கா கருப்பாயி, புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, இரண்டு தகரப் பெட்டிகளோடு வீட்டுக்கு வந்தாள். பாவம் என்றுதான் காளியம்மா அடுப்பைவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தாள். பிறகு அடுப்பு அவளுக்குத் திரும்பக் கிடைக்கவேயில்லை. முதல் கோப்பி அக்காவுக்கு, மீனில் நடுத்துண்டு அக்காவுக்கு, பேச்சில் முதலும் கடைசியும் அக்காவுக்கு. பெரியதம்பி வீட்டுக்கு வந்து விடுகிற மூச்செல்லாம் அக்காவின் கேள்விகளுக்குப் பதில் சொல்வதிலேயே தீர்ந்துபோகும். காளியம்மா வரைக்கும் எதுவும் போய்ச் சேராது. தேத்தண்ணிக் குவளையைக் கீழே வைத்தான்.

அப்போது பச்சைக்காரி தொட்டியைவிட்டு இறங்கினாள். விளக்குமில்லை, ஆவியுமில்லை. ரம்லா பீவி குறுக்கே நிற்கவில்லை. தெருவுக்கு வந்தவள் பெம்பான் பக்கம் திரும்பாமல் வடக்கே பத்து பெரண்டாம் சாலையைப் பிடித்துப் போனாள். பெரியதம்பி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே நடந்தான்.

காளியம்மா வாசலில் புடவை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். முதலில் கப்பலைப் பார்த்தாள், அப்புறம் புருஷனை.

“இதுவும் கோவிச்சுக்கிட்டு வந்ததா?”

“ஆமா.”

“யார் மேல?”

“என்ஜின் மேல. வர்ற ஆவியெல்லாம் அதுவே குடிச்சிடுது. கழட்டி வேற எடத்துல மாட்டணும்.”

“எதை?”

பெரியதம்பி தரையைப் பார்த்தான். “எங்க அக்காவை.”

உள்ளே கதவோரம் நின்றிருந்த மாமியார் இதைக் கேட்டுப் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். காளியம்மா சிரிக்கவில்லை. புடவையின் மறுமுனையைக் கொடியில் இழுத்துவிட்டாள். “மொதல்ல மாட்டிட்டு வா. அதுவரைக்கும் இவ இங்க இருக்கட்டும்,” என்று கப்பலைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஆலையில் ஆவிமுள் சிவப்புக் கோட்டைத் தாண்டும்போதும் பதறாத பெரியதம்பி, அக்கா முன்னால் வாயைத் திறக்கப் பயந்தான். தினமும் சொல்லிவிடுவதென்று வீட்டுக்குப் போவான். சோற்றைத் தின்றுவிட்டு வருவான். அவன் சொல்லித்தான் தெரிய வேண்டுமென்றும் இல்லை, லயம் முழுக்கப் பேசியாகிவிட்டது. குளத்தங்கரையில் உட்கார்ந்து யோசித்தபோது ஒன்று புரிந்தது: இரட்டைச் சிலிண்டர் கெட்ட என்ஜின் இல்லை, அந்தப் பாய்லர்தான் அதற்குக் காணாது. எடுக்க எடுக்கக் குறையாமல் ஆவி விடுகிற பெரிய பாய்லராகக் கிடைத்தால் எந்தப் பாரத்தையும் இழுக்கும். அந்த நேரம் பார்த்து ஆயாக் கொட்டகையிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. பால்மரம் சீவப் போகும் பெண்கள் பிள்ளைகளை விட்டுப் போகும் கொட்டகை அது. பார்த்துக்கொண்டிருந்த ஆயா மகனோடு ஊருக்குக் கப்பலேறியதிலிருந்து அங்கே அழுகை ஓய்ந்ததே இல்லை.

அன்றைக்குக் கருப்பாயியே பேச்சை எடுத்தாள்.

“என்னைய ரெட்டைச் சிலிண்டர்னு சொன்னியாமேடா.”

பெரியதம்பி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

“கழட்டி எங்க மாட்டப்போறே?”

“ஆயாக் கொட்டகையில.”

கருப்பாயி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினாள். தம்பி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் குடித்தனம் அந்த விரல்நுனியில் நின்றது.

“எத்தனை பிள்ளைங்க?”

“நாப்பது இருக்கும்க்கா.”

“நாப்பதுதானா?” என்றாள் கருப்பாயி. மறுநாள் விடிந்ததும் இரண்டு தகரப் பெட்டிகளும் கொட்டகைக்குப் போயின.

காளியம்மா பச்சைக்காரியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். வந்ததும் நேரே அடுப்படிக்குப் போய், மூடியிருந்த பானைகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். பெரியதம்பி இரட்டைச் சிலிண்டரை எடுத்து இருப்பதிலேயே பெரிய பாய்லருக்குக் கொடுத்துவிட்டுப் பச்சைக்காரிக்குச் சாதுவான ஒற்றைச் சிலிண்டரை வைத்தான். பந்தயத்தில் அவள் மூன்றாவதாகத்தான் வந்தாள். முதலில் வந்த கப்பல்கள் மூச்சு வாங்கி நின்றபிறகும், துரைமார் தேநீர் குடித்துக் கலையும் வரை நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தாள். துரை எதையோ சொல்லித் தலையாட்டினார். பொருத்தம் அமோகமாம் என்று கிராணி மொழிபெயர்த்துவிட்டு, பெரியதம்பியைத் தனியாக அழைத்துப் போய்த் தன் மகள் விஷயத்தைச் சொல்லத் தொடங்கினார். நோன்புப் பெருநாள்தோறும் பச்சைக்காரி தெங்கேராவுக்குப் போய்வருவது வழக்கமாயிற்று. இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும், இல்லையென்றால் முன்னால் விளக்கு வேண்டும் என்று மட்டும் போலீஸ்காரர்கள் சொன்னார்கள்.

கருப்பாயி கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்த வாரத்திலேயே அங்கே அழுகை நின்றது. நாற்பது பிள்ளைகளின் கத்தலையும் உதையையும் அவள் ஒருத்தியே குடித்துத் தீர்த்தாள்; குடித்ததற்கு ஏற்ப அவள் குரலில் ஒரு சீரான கடகடப்பு ஏறியது. 1930 வாக்கில் கொட்டகைத் தூண்கள் அதற்கு ஏற்ப அதிர ஆரம்பித்தன. அடுத்த வருஷம் வெயிலேறிய ஒரு காலையில், பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கும் நேரத்தில், ஆயாக் கொட்டகை தன் இடத்தைவிட்டுக் கிளம்பி, தொட்டிலும் தூளியும் ஆட, தாய்மார் மரம் சீவிக்கொண்டிருந்த மலைச்சரிவுக்கே போய் நின்றது. பால் குடித்து முடிந்ததும் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு தாய்மார் பாதி வேலையில் வாளியை வைத்துவிட்டு ஓடிவர வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. ஆட்களை மேய்க்கும் மண்டோர் இரண்டு நாள் முணுமுணுத்தார். மூன்றாம் நாள், கொட்டகை போகும் தடத்தில் கன்று நட வேண்டாமென்று ஆட்களிடம் சொல்லிவிட்டார்.

1932-இல் காளியம்மாவுக்கு ஓர் ஆண் பிள்ளை பிறந்தது. வேலைக்குத் திரும்பிய முதல் நாள், கொட்டகை வீட்டைக் கடக்கும் நேரம் பார்த்துப் பிள்ளையைத் தயாராக ஏந்திக்கொண்டு வாசலில் நின்றாள். கொட்டகை நிதானித்தது. ஓரத்துச் சட்டத்துக்கு மேலாகக் கருப்பாயியின் இரண்டு கைகளும் நீண்டு வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டன.

“சளி புடிச்சிருக்கு மதினி,” என்றாள் காளியம்மா. “காத்துப் படாம ஓட்டுங்க.”

கருப்பாயி பிள்ளையை வெயில் படாத பக்கத்துத் தூளிக்கு மாற்றிப் போட்டுவிட்டு, கொட்டகையைக் கொஞ்சம் மெதுவாகவே ஓட்டிப்போனாள்.