அக்கா போடும் மதிப்பெண்

...வேறு யார் பெயராகவாவது இருந்திருக்கக்கூடாதா, அக்காவின் பெயரேதான், திரையில் சிவப்பாக, எல்லோருக்கும் மேலே, கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தாலும் அதே பெயர், பயிற்சி ஆசிரியர்களின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பாடம் நடத்துவதைப் பார்த்து மதிப்பெண் போடுகிற அக்கா, அந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் ஆசிரியர் சான்றிதழே, இத்தனை வருடத்தில் அக்கா ஒருத்தரைக்கூட ஃபெயில் ஆக்கவில்லையாம்... இப்படிப்பட்ட மதிப்பீட்டாளர்களைக் கண்டுபிடிக்கத்தான் இவளே ராப்பகலாக உட்கார்ந்து இந்த புரோகிராமை எழுதினாள், தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை. அடுத்த அறையில் துறை இயக்குநர் காத்திருக்கிறார், பட்டியல் ரெடியா என்று ஆள் அனுப்பிக் கேட்டாயிற்று. பெயரை எடுத்துவிட்டால்? ஒரு வரிதானே, யாருக்குத் தெரியப்போகிறது... ஆனால் புரோகிராம் அக்கா பெயரோடு எடுத்துக் காட்டிய அந்த வகுப்பு வீடியோ? அக்கா தாராளமாகப் பாஸ் போட்ட ஆசிரியர், பாடம் முழுக்கக் கரும்பலகையைப் பார்த்தே பேசுகிறார், பின்னால் ஒரு சின்னப்பெண் சந்தேகம் கேட்கக் கையைத் தூக்கியபடியே இருக்கிறாள், வலித்துப்போய் மறுகையால் தாங்கிப் பிடித்துக்கொள்கிறாள், மனுஷன் திரும்பவே இல்லை. அடப்பாவி, ஒரு தடவை திரும்பியிருக்கக்கூடாதா. அக்காவும் அங்கேதானே இருந்தாள், கண் தெரியாதா அவளுக்கு? தெரிந்திருக்கும். மனசு வந்திருக்காது. அம்மா போனபிறகு இவளை வளர்த்து ஆளாக்கியவள், அவளைப் போய்... அந்தப் பிள்ளை இன்னும் கையைத் தூக்கிக்கொண்டுதான் இருக்கும்.

விரல் அழுத்திவிட்டது. பட்டியல் அக்கா பெயரோடேயே போய்விட்டது. இனி அக்காவுக்கு இந்த வேலை இருக்காது, தெரிந்தேதான் செய்தாள், மூன்றாம் மனுஷர் வாயால் கேட்பதற்கு முன் நாமே சொல்லிவிடுவோம் என்று ஃபோனை எடுத்து, மென்று விழுங்கி, எல்லாவற்றையும் கொட்டினாள். திட்டு அக்கா, ஒரு தடவையாவது திட்டித் தொலை...

"நீ பண்ணது சரிதான்டி. நானா இருந்தாலும் இதைத்தான் பண்ணியிருப்பேன்," என்றாள் அக்கா. "சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்று பொய் சொல்லி வைத்தாள். அப்பாடா என்றுதான் முதலில் இருந்தது, அக்காவே சரியென்று சொல்லிவிட்டாள், இனி யார் என்ன சொன்னால் என்ன... அப்புறம்தான் சுருக்கென்று உறைத்தது. கணக்குப் பரீட்சையில் கோட்டை விட்டபோதும், கையில் இருந்த நல்ல வேலையை உதறியபோதும், பிறகு ஒட்டாமலே போன அந்தக் கல்யாணத்துக்கு ஒற்றைக்காலில் நின்றபோதும், அக்கா என்றைக்காவது தப்பு என்று சொல்லியிருக்கிறாளா? அவள் பாஸ் போட்டவர்களில் முதல் ஆளே இவள்தானே, அப்படியென்றால் இன்று செய்தது சரியா, தப்பா... இதை இனி யாரிடம் போய்க் கேட்பது?