மூச்சடக்கும் விளையாட்டு

கிழக்கு வெளுக்கும் முன்பே எங்கள் முதுகில் மூட்டை ஏறிவிடும். ஆவடி ரயில் பாதையிலிருந்து பட்டாளத்துக் கிடங்கு வரை சிமெண்டு மூட்டை. வியர்வையில் சிமெண்டு இறுகி, கழுத்துத் தோல் செதிலாக உரியும். உலகச் சண்டை நடந்த காலம், வேலைக்குப் பஞ்சமில்லை.

கிடங்கை மேற்பார்த்த வெள்ளைக்கார சார்ஜென்ட் ஒரு சட்டம் வைத்திருந்தான். அவன் பூட்ஸ் சத்தம் கேட்டால் கூலிகள் சுவரைப் பார்த்துத் திரும்ப வேண்டும். அவன் கடந்து போகும்வரை மூச்சு விடக் கூடாது. கறுப்பன் மூச்சில் காய்ச்சல் இருக்கிறதாம். முதுகில் மூட்டை இருந்தாலும் அதே சட்டந்தான். ஒருநாள் என்னோடு மூட்டை சுமக்கும் மதுரைவீரனுக்கு இருமல் வந்துவிட்டது. பிரம்பு வாயிலேயே விழுந்தது. முன்பல் இரண்டு போயிற்று.

வேலியை ஒட்டிய தகரக் கொட்டகைகளில்தான் எங்கள் குடித்தனம். சாயங்காலம் அங்கேயும் சார்ஜென்ட் சுற்றி வருவான். என் மகள் ராணிக்கு நாலு வயது. அவள் வாயில் பிரம்பு விழக் கூடாதே என்று நானே ஒரு விளையாட்டுக் கற்றுக் கொடுத்தேன். பூட்ஸ் சத்தம் கேட்டால் சுவர்ப்பக்கம் திரும்பி, வாயைப் பொத்தி, பத்து எண்ண வேண்டும்.

"நைனா, நான் பதினஞ்சு எண்ணிட்டேன்!" என்பாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மழைக்காலத்தில் அவள் நீலம் பாரித்து விழ ஆரம்பித்தாள். குடம் உருண்டால் விழுவாள். தகரக் கதவு அறைந்தால் விழுவாள். சோறு இறங்கவில்லை; கைகால் குச்சியாயிற்று. தாயத்துக் கட்டிப் பார்த்தோம். கடைசியில் நானும் என் பெண்சாதி எல்லம்மாவும் அவளைத் தூக்கிக்கொண்டு கரையான்சாவடி தர்மாஸ்பத்திரிக்கு நடந்தோம்.

நர்ஸ் ஞானகுமாரி ராணியின் நெஞ்சில் குழலை வைத்து நெடுநேரம் கேட்டார்.

"நெஞ்சுல கோளாறு இல்ல. எந்தச் சத்தத்துக்கு இப்படி ஆவுறா?"

"பூட்ஸ் சத்தம்மா. அந்த வெள்ளக்காரன்..." என்றேன்.

எல்லம்மா தரையைப் பார்த்தாள். "மின்ன அப்டி. இப்பல்லாம் இவுரு வேல வுட்டு வர்ற காலடி கேட்டாலே உழுந்துடறா."

நான் அவளை அடித்ததில்லை. ஆனால் கிடங்கில் அடக்கியதையெல்லாம் வீட்டில் வந்து கொட்டினேன். சட்டியை உதைத்தேன், கூரை அதிரக் கத்தினேன். குழந்தை சுவர்ப்பக்கம் திரும்பி எண்ணியிருக்கிறாள். எல்லாவற்றையும் நர்ஸிடம் சொன்னேன்.

"டானிக் தர்றேன்," என்றார் நர்ஸ். "ஆனா நீ அங்க முழுங்கிட்டு வர்றதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல, துலுக்கானம்."

மறுநாள் கிடங்கில் கஞ்சி வேளையில் கூலிகள் எல்லோரிடமும் சொன்னேன், விளையாட்டு உட்பட. என்னைக் காறித் துப்புவார்கள் என்று நினைத்தேன். செங்கல் சுமக்கும் கெங்கம்மாள்தான் முதலில் பேசினாள்.

"எம்புள்ள ஏழு வயசுல பாய நனைக்கிறான். நான் தெனம் அடிக்கிறேன், பாவி."

மதுரைவீரன் பொக்கை வாயைத் துடைத்தான். "எங்க ஊட்டுக்காரிய அந்த வெள்ளக்காரன் அத்தினி பேர் மின்னாடி மோந்து பாத்துட்டுத் துப்புனான். அன்னியோட பால் வத்திப்பூட்ச்சு. கைக்கொயந்த அண்ணாத்தே."

"அந்தத் தொர மேல மட்டும் மல்லிப்பூ வாசனையா அடிக்கிது? நாலு நாளா குளிக்காத எரும!" என்றாள் கெங்கம்மாள். வெகுநாளைக்குப் பிறகு சிரித்தோம். சிரித்து முடித்தபோது முடிவாகியிருந்தது.

அடுத்த காலை பூட்ஸ் சத்தம் வந்தது. நாற்பத்திரண்டு பேரும் மூட்டையை இறக்கிவிட்டு, அவன் முகத்தைப் பார்த்து நின்றோம்.

மேஸ்திரி ராஜசேகரன் ஓடி வந்தான். "இன்னாடா இது? திரும்புங்கடா!"

"தொர கிட்ட சொல்லு மேஸ்திரி. மூட்ட தூக்குவோம். செவுத்தப் பாக்க மாட்டோம்," என்றேன்.

"வேலச் சீட்ட கிழிச்சுடுவாரு!"

"நாப்பத்திரெண்டு சீட்டு கீது, கிழிக்கச் சொல்லு. அப்பால மூட்டைய யாரு தூக்குவா, நீயா?"

"சண்டைக் காலம்டா. ஜெயில்ல தள்ளுவாங்க!"

"அங்கயாவது மூச்சு வுடலாமில்ல?" என்றாள் கெங்கம்மாள்.

பிரம்பு என் தோளைக் கிழித்தது. நான் திரும்பவில்லை. யாரும் திரும்பவில்லை. போலீசுக்கு ஆள் அனுப்பிவிட்டு, சார்ஜென்ட் வாசலைச் சாத்தச் சொன்னான்.

வேலிக்கு அப்பால் எல்லம்மாவின் இடுப்பில் ராணி வாயைப் பொத்தியிருந்தாள். உதடு கறுத்துவந்தது.

"ராணி, எண்ணாதே கண்ணு!" என்று கத்தினேன். "நைனா சொல்லிக் குடுத்தது தப்பு. நைனா திரும்பாம நிக்கிறேன் பாரு!"

அவள் பார்த்தாள். கை மெல்ல இறங்கியது.

"நான் தோத்துட்டேன் நைனா," என்று விம்மி அழ ஆரம்பித்தாள்.

அழுவதற்கு மூச்சு வேண்டும். அழட்டும் என்று நின்றேன். ரஸ்தாவில் போலீஸ் லாரியின் தூசு எழும்பியது. கெங்கம்மாள் என் தோளோடு தோள் ஒட்டி நின்றாள். அவளை ஒட்டி மதுரைவீரன். எங்கள் வரிசை நெருங்கியது.