இரண்டு பக்கமும் ஒரே மணி

இன்னும் இருபத்தேழு மணி நாற்பது நிமிடம் இருந்தது. நாளை மதியம் மூன்று மணிக்குக் கதவை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு வரும் எந்தத் திருத்தமும் இந்தப் பதிப்பில் சேராது.

கதவு என்றாலும் அங்கே கதவு கிடையாது. எங்கெங்கோ அறைகளில் உட்கார்ந்திருக்கும் சிலர் சம்பளம் இல்லாமல், கம்ப்யூட்டரை இயக்க ஓர் இயங்குதளம் செய்கிறார்கள். அது இன்னும் வெளிவரவில்லை, சோதனைப் பதிப்பு மட்டும் கிடைக்கிறது. அதன் நிரலில் பதினான்கு வரிகளை நான் மாற்றி எழுதி அனுப்பியிருந்தேன். பொறுப்பாளரை எல்லோரும் நத்தை என்று கூப்பிடுவோம். முகம் பார்த்ததில்லை. காலையில் நத்தை பதில் போட்டிருந்தார்: பழைய இயங்குதளம் உள்ள ஒரு கம்ப்யூட்டரில், அதை அழிக்காமல் பக்கத்திலேயே இதை நிறுவுங்கள். இரண்டுக்கும் ஆறு முறை மாறி மாறிப் போய்ப் பாருங்கள். பிறகு படிவத்தை நிரப்புங்கள்.

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். அது அக்காவுடையது.

அக்கா எம்பிராய்டரி டிசைன் செய்கிறாள். இருநூற்றுப் பன்னிரண்டு பூக்களும் கொடிகளும் அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. டிசைன் போடும் மென்பொருள் பழையது என்பதால், எதுவும் தானாக மாறிவிடக் கூடாதென்று அதிலுள்ள பழைய இயங்குதளத்துக்கு இணையத்தைக் காட்டவே மாட்டாள். நூல் வெளிறாமலிருக்க அந்த அறையின் ஜன்னலில் எப்போதும் கனத்த திரை. உள்ளே எந்நேரமும் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல ஒரு வெளிச்சம். காலையா மாலையா என்று தெரியாது.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்த ஜன்னல் திரை என்று சில நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். இல்லை. காரணம் நான்.

பத்தொன்பது நாட்களுக்கு முன், அக்காவிடம் கேட்காமல், இதே சோதனைப் பதிப்பை அந்தக் கம்ப்யூட்டரில் நிறுவினேன். ஆசைதான், வேறொன்றுமில்லை. கம்ப்யூட்டருக்குள் ஒரு சின்னக் கடிகாரம் உண்டு. கரண்ட் இல்லாதபோதும் காசு அளவு பேட்டரியில் ஓடும். பழைய இயங்குதளம் அதில் நம் ஊர் நேரத்தை வைத்திருக்கும். புதியது உலகப் பொது நேரத்தை எழுதிவிடும். அதைப் பழையது நம் ஊர் நேரம் என்றே நம்பும். நாங்கள் குடியேறியிருக்கும் இந்த நாட்டில் இரண்டுக்கும் மூன்று மணி நேர வித்தியாசம். நான் புதியதில் சற்று விளையாடிவிட்டு, பழையதைத் திறந்து வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

விடிய விடிய மாதிரித் துணி தைத்த அக்கா அந்த அறையிலேயே பாயில் சாய்ந்திருந்தாள். எழுந்து கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள். ஏழு பத்து. போன் சார்ஜ் இல்லாமல் கிடந்தது. பெரிய துணிக்கடைக்காரர் பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார். நிதானமாகக் குளித்து, மாதிரிகளை இஸ்திரி போட்டு, கிளம்பிப் போனாள். கடைக்காரர் அப்போது மதியச் சாப்பாடு முடித்து வெளியூர் கிளம்பிவிட்டிருந்தார்.

சாயங்காலம் மணியைச் சரிசெய்து, நிறுவியதை அழித்துவிட்டேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. தூக்கக் கலக்கத்தில் தான்தான் மணியைத் தப்பாகப் பார்த்தோம் என்று அக்கா முடிவு செய்துகொண்டாள். பஸ் ஓட்டும் அத்தான் அவளுக்குக் கும்பகர்ணி என்று பெயர் வைத்தார். அவளும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் அதன்பிறகு மூன்று அலாரம் வைக்கிறாள். அவை அடிப்பதற்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருக்கிறாள்.

அந்தப் பதினான்கு வரிகள் அப்படித்தான் வந்தன. வாயால் சொல்ல முடியாததை வேறு மொழியில் எழுதினேன் போல.

இந்த முறை கேட்டேன்.

"அக்கா, கம்ப்யூட்டர்ல இன்னொண்ணு போட்டுப் பாக்கணும். உன்னோடதை ஒண்ணும் பண்ணாது. பக்கத்துல கொஞ்சம் இடம் வேணும், அவ்வளவுதான்."

"என் பூவெல்லாம்?"

"காப்பி எடுத்து வச்சுட்டேன்."

"அப்போ போட்டுக்கோ. இடம்தானே, நகர்ந்து உக்காந்துக்கறேன்."

வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்த அத்தான் தலையை நீட்டினார். "பாத்துப் பண்ணும்மா, நீ வேலையை முடிக்கறதுக்குள்ள உங்கக்கா தூங்கிடப் போறா."

"ஆமா, இவர் பஸ்ல ஏறுறவங்க மட்டும் முழிச்சுக்கிட்டே போறாங்களாக்கும்," என்றாள் அக்கா.

டிஸ்க்கில் இடம் பிரிக்க ஐந்து மணி நேரம் ஆனது. நீலப் பட்டை மெதுவாகச் சுருங்கிக்கொண்டே வந்தது. அந்தத் தண்ணீர் வெளிச்சத்தில் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருநூற்றுப் பன்னிரண்டு பூக்களும் ஒரு இதழும் கசங்காமல் ஒவ்வொன்றாக எழுந்து இடப்பக்கமாக நடக்கின்றன என்று தோன்றியது. காலியான வலப்பக்கத்தில் யாரோ வரப்போகிறார்கள். அவருக்கும் ஒரு மணி இருக்கும். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்க வேண்டும், ஒருவர் கடிகாரத்தை இன்னொருவர் தொடக் கூடாது.

ஞாயிறு காலை சோதனையைத் தொடங்கினேன். நான் வேலை பார்க்கும் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சொட்டுச் சொட்டாக மருந்து விடுகிறவர் அளவை வாசிக்கக் கூடாது. எந்த எண் வர வேண்டுமென்று தெரிந்த கண், அந்த எண்ணையே பார்த்துவிடும். அதனால் அக்காவைக் கூப்பிட்டேன்.

"நான் மாத்தி மாத்தித் திறப்பேன். நீ மணியை மட்டும் படி."

"என்னையா? மணி பாக்கவா? உனக்கு வேற ஆளே கிடைக்கலையாடி?"

"நீதான் வேணும்."

"பத்து ஏழு," என்று படித்தாள். புதியதற்குப் போனேன். "பத்து பதிமூணு." பழையது. "பத்து பத்தொன்பது." சுவரில் புதிதாக மாட்டியிருந்த கடிகாரத்தை ஒவ்வொரு முறையும் ஒரு தடவை திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டாள். தன் கண்ணையே சோதித்துப் பார்க்கிறாள் என்று புரிந்தது.

நான்காவது முறை காத்திருக்கும்போது சொன்னாள்: "யூனிஃபார்ம் வேலை ஒண்ணு வந்திருக்கு. அறுநூறு பேட்ஜ். சாயங்காலம் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடப் போறேன்."

"ஏன்க்கா?"

"சொன்ன நேரத்துக்குப் போக வேண்டிய வேலை அது. எனக்கு இனிமே என்னையே நம்ப முடியலடி. அன்னைக்கு நல்லாத்தான் பாத்தேன், ஏழு பத்துன்னுதான் இருந்துச்சு. இப்பவும் கண்ணு முன்னாடி நிக்குது. கனவுல பாத்திருப்பேன் போல."

நான் விசையைத் தட்டினேன். திரை விழித்தது. "பத்து இருபத்தஞ்சு," என்றாள்.

ஆறு முறையும் சரியாக வந்தது. இரண்டு பக்கமும் ஒரே மணி. சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை.

படிவத்தில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பினேன். கடைசிக் கட்டம்: இந்தப் பிழையால் யாருக்காவது நிஜமாகப் பாதிப்பு ஏற்பட்டதா? எப்படி? அதைக் காலியாக விட்டு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் நத்தையிடமிருந்து திரும்பி வந்தது. கடைசி நாளில் ஒரு மாற்றத்தைச் சேர்க்க வேண்டுமென்றால் வலுவான காரணம் வேண்டும். நடந்ததைக் கண்ணால் பார்த்ததாக முன்பு சொன்னீர்களே, அதை எழுதுங்கள்.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு என் தோளோடு தோள் உட்கார்ந்தாள். அவள் கையில் பிரித்தெடுத்த சிவப்பு நூல் ஒட்டியிருந்தது.

"என்ன கேக்கறாங்க?"

"இந்தத் தப்பால யாருக்காச்சும் கஷ்டம் வந்துச்சான்னு."

"எந்தத் தப்பு?"

"இதைப் பக்கத்துல போட்டா, பழையதுல மணி மாறிடும். மூணு மணி நேரம் குறைஞ்சு காட்டும். அதைத்தான் நான் சரி பண்ணியிருக்கேன்."

"அட, பெரிய ஆளுதான்," என்றாள். பிறகு அவள் விரல் நூலை உருட்டுவதை நிறுத்தியது. "மூணு மணி நேரமா?"

பரிசோதனைக் கூடத்தில் ஒரு கணம் உண்டு. குடுவையில் தண்ணீர் இன்னும் நிறமில்லாமல்தான் இருக்கும். அடுத்த சொட்டில் முழுவதும் சிவந்துவிடும் என்று கைக்குத் தெரியும். அந்தச் சொட்டைப் பத்தொன்பது நாளாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். திரையின் ஓரத்தில் மணி பதினொன்று இரண்டு. சுவரிலும் பதினொன்று இரண்டு.

"நீ அன்னைக்குப் பாத்தது சரிதான்க்கா," என்றேன். "ஏழு பத்துன்னுதான் காட்டுச்சு. உனக்குச் சொல்லாம இதை அப்பவே ஒரு தடவை போட்டுப் பாத்தேன். உன் மணியை மாத்தினது நான்தான்."