வாலில் ஏறிக் குதிக்க ஆள் வேண்டும்

1

இந்தக் கதை பிறந்தது என் உடல் எடையால். வெட்கம்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஓஹாயோவில் எங்கள் பக்கம் வீட்டு கராஜில் கார் கட்டுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வண்டி முதன்முதலாகச் சாலைக்குப் போகும் முன் அக்கம்பக்கத்துக் கனத்த ஆட்களைக் கூப்பிட்டு, வண்டியின் வாலில், அதாவது பின்பக்கம் ஏற்றி, தாங்குகிறதா என்று பார்க்கக் குதிக்கச் சொல்வார்கள். பக்கத்து வீட்டு ரெனாட்டா போன் செய்தாள்: "நாளைக்குக் காலையில நல்லா சாப்பிட்டுட்டு வா. வெறும் வயித்தோட வந்து ஏமாத்தாத." போனை வைத்ததும் எழுத உட்கார்ந்தேன்.

2

"மழை விடாமல் பெய்துகொண்டிருந்த அந்த..." (பெய்யவில்லை. சுள்ளென்ற வெயில்.)

"ரெனாட்டாவுக்கு இரும்பு என்றால் உயிர். சின்ன வயதிலேயே அவள்..." (இதைப் படித்தால் ஸ்பேனரை எறிவாள்.)

நேராகவே சொல்கிறேன். ரெனாட்டா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஒரு பழைய காரின் உடம்பையும் ஒரு பிக்கப் வண்டியின் பின்சக்கர அச்சையும் சேர்த்துப் புதிதாக ஒரு கார் கட்டினாள். அந்த அச்சை வண்டியின் அடியில் பிடித்து நிறுத்தும் இரும்புக் காதுகளை அவளே வரைந்து, வெட்டி, வெல்டிங் வைத்தாள். சனிக்கிழமை நெடுஞ்சாலையில் முதல் ஓட்டம். கணவன் ஆரின் ஓட்டுவான், மகள் மாரிட் பக்கத்தில் உட்காருவாள். வேகத்தில் ஒரு காது பிய்ந்தால் பின்சக்கரம் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். ரெனாட்டாவுக்குத் தூக்கம் போனது அதனால்தான்.

3

என்னிடம் முடிவு தயாராக இருந்தது. காது பிய்கிறது, மாரிட்... (எழுதியிருந்தேன். அழித்துவிட்டேன்.) ஆரினை, மனைவியின் வேலையை நம்பாத சிடுமூஞ்சியாகவும் எழுதியிருந்தேன். அது தேறவில்லை, மறுநாள் காலை டிக்கி மேல் முதலில் ஏறியவனே அவன்தான்.

"உடைஞ்சா?" என்றேன்.

"என் பொண்டாட்டி வெச்ச வெல்டிங்கா? உன் கதை வேணா உடையும்."

"வாயடிக்காம ரெண்டு பேரும் குதிங்க," என்றாள் ரெனாட்டா. அவள் டார்ச்சோடு தரையில் படுத்து அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குதித்தோம். டக் என்று ஒரு சத்தம்.

"இறங்குங்க! இறங்குங்கன்றேன்ல!"

காது அப்படியே இருந்தது. அதை வெல்டிங் வைத்திருந்த காரின் தரைத் தகடுதான் கிழிந்திருந்தது. பயம் வந்தபோதெல்லாம் அவள் காதையே தடிமனாக்கிக்கொண்டு போனாள். அது நிற்கும் தகடு பிஸ்கட் டின் மாதிரி மெல்லியது என்று யோசிக்கவேயில்லை. வெல்டிங் கை வந்தவர்களுக்கே உரிய தப்பு இது. தடித்த இரும்பைக் கண்டால் அவர்கள் மனசு ஆறிவிடும்.

"இதுலயா என் பொண்ணை உட்கார வைக்க இருந்தேன்?" என்றாள் ரெனாட்டா, கிழிசலிலிருந்து டார்ச்சை எடுக்காமல்.

"வைக்கலையே," என்றான் ஆரின். "அதுக்குத்தானே இந்த ரெண்டு மூட்டையையும் ஏத்தின."

4

காதுகளை அறுத்தெடுத்தாள். வண்டியின் இரு பக்க இரும்புச் சட்டங்களுக்கும் குறுக்கே கனத்த குழாய் ஒன்றை வைத்து வெல்டிங் செய்து, காதுகளை அதில் நிறுத்தினாள். இனி பாரம் முழுக்கச் சட்டத்துக்கு, தகட்டுக்கு ஒன்றுமில்லை.

மறுபடி ஏறினோம். மாரிட்டும் ஏறிக்கொண்டாள். "அம்மா, நான்தானே உள்ள உட்காரப் போறேன்? நானும் குதிக்கிறேன்."

குதித்துக் குதித்து எனக்கு மூச்சு வாங்கியது. ஒரு சத்தமும் வரவில்லை. ரெனாட்டா முகமெல்லாம் கிரீஸோடு எழுந்து, அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. நல்ல கதைக்காக அந்தப் பெண்ணைக் கொல்லப் பார்த்தவன் நான்தானே.

5

இன்று சனிக்கிழமை. வண்டி இப்போதுதான் தெருமுனை திரும்பியது. ரெனாட்டா வாசலில் நிற்கிறாள்.

டோனட் வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறார்கள் என்று முடிக்கலாம். இரண்டு தெரு தள்ளி இன்ஜின் நின்றுபோகிறது என்றும் முடிக்கலாம். (இன்ஜின் வேலை ஆரினுடையது. ரெனாட்டா வாரம் முழுக்கச் சிரிப்பாள்.) எந்த முடிவானாலும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

காதுதான் பிய்ந்தாக வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால், எழுதும் முன் நேரில் வந்து அந்த வாலில் ஏறிக் குதித்துப் பாருங்கள். காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.