இரண்டாம் வேற்றுமை

பட்டறையில் அவருக்குப் பெயர் 'பாதிச் சாமியார்'. குருமடத்தில் ஏழு வருடம் படித்து, குருப்பட்டத்துக்கு ஒரு வருடம் இருக்கும்போது வெளியே வந்துவிட்டவர். மிஞ்சியது லத்தீன் மட்டும். கல்லறைக் கல்லோ பித்தளைச் சிலுவையோ, லத்தீனில் ஒரு வரி இருந்தால்தான் ஜனங்களுக்குத் திருப்தி. 'எங்கம்மாவை உம் மடியில் வைத்துக்கொள்ளும்' என்று அழுதுகொண்டே எழுதித் தருவார்கள். அவர் அதை லத்தீனாக்கி, எழுத்துக் கூட்டிப் பார்த்து, பொறிக்கிற அக்காவிடம் கொடுப்பார். ஒரு எழுத்து தப்பினால் கல்லே போச்சு.

ஒரு செவ்வாய்க்கிழமை அவருடைய தங்கச்சி புருஷன் வந்தான். வெல்டிங் வேலைக்காரன்.

"மச்சான், கையில பச்சை குத்தப் போறேன். 'ஆண்டவரே, என் கையை ஆசீர்வதியும்'னு லத்தீன்ல எழுதிக் குடுங்க. நம்ம பாஷையில போட்டா எவனும் மதிக்க மாட்டான்."

அந்தக் கைதான் தங்கச்சியின் மணிக்கட்டை முறித்தது. "குளியலறையில வழுக்கிடுச்சுண்ணே" என்று மாவுக்கட்டோடு அவள் சொன்னபோது, "பாத்து நடம்மா" என்றதோடு நிறுத்திக்கொண்டவர் அவர். இப்போதும் வாயைத் திறக்கவில்லை. பேனாவைத்தான் திறந்தார்.

'டோமினே, ஃப்ராஞ்சே மானும் மேயாம்.'

ஆண்டவரே, என் கையை உடையும். லத்தீனில் ஆசீர்வதிக்கிற வினைக்கு நான்காம் வேற்றுமை. உடைக்கிற வினைக்கு இரண்டாம் வேற்றுமை. சாபத்திலும் இலக்கணம் பிசகவில்லை. அன்று ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டார்.

ஐந்து வாரம் கழித்து, ஒரு ஞானஸ்நான விருந்தில் வயதான பாதிரியார் ஒருவர் பச்சை குத்திய அந்தக் கையைப் பிடித்து வாசித்தார். வாசித்தவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அர்த்தம் சொன்னதும் பந்தியே சிரித்தது. அவனோடு வேலை பார்ப்பவர்களும் இருந்தார்கள்.

அவன் அங்கிருந்து நேரே வீட்டுக்குப் போனான். அரை மணி நேரத்தில் பட்டறைக்கு வந்தான். சட்டையெல்லாம் ரத்தம்.

"உன் தங்கச்சி சமையல்கட்டுல கிடக்கா. போய் மொழிபெயர்த்துப் பாரு."

பாதிச் சாமியார் எழுந்திருப்பதற்குள் பித்தளை மெழுகுவர்த்தித் தண்டு அவர் வாயில் விழுந்தது. இரண்டு பல் மேஜையில் தெறித்தன. அடுத்த அடி தோளில். கீழே விழுந்தவரின் விரல்களை அவன் பூட்ஸால் நசுக்கினான். "இந்தக் கைதானே எழுதுச்சு? இந்தக் கைதானே?"

பொறிக்கிற அக்கா கத்திக்கொண்டே வந்து, கல்லுத்தூள் வாளியை அவன் முகத்தில் கொட்டினாள். கண் தெரியாமல் அவன் தடுமாறிய அந்த நொடியில், பாதிச் சாமியாரின் இடது கைக்குச் சுத்தியல் அகப்பட்டது. முழங்காலில் ஒரு போடு போட்டார். எலும்பு உடைகிற சத்தம் கேட்டது. அவன் விழுந்தான். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. மறுபடி அடித்தார், மறுபடியும். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இனித்தது. அக்கா பின்னாலிருந்து இடுப்பைக் கட்டி இழுத்தாள்.

"போதும்யா! செத்துருவான்! முதல்ல தங்கச்சியப் போய்ப் பாருய்யா!"

அதுவரை தங்கச்சியின் நினைப்பே அவருக்கு வரவில்லை.

அடுப்படியில் கிடந்தவளைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். விலா எலும்பு மூன்று போயிருந்தது. ஒரு கண் திறக்கவே இல்லை. மறுநாள் அவர் கட்டிலோரம் போய் நின்றார்.

"அவன் காலை உடைச்சுட்டேன்மா."

"நான் கேட்டேனா?"

அவர் கட்டுப் போட்ட வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"என்னத்துக்கு அடிக்கிறான்னே தெரியாம அடி வாங்கினேன். நானும் நீயும் சேர்ந்து எழுதினோமாம்." மூச்சு விட வலித்தது அவளுக்கு, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். "அவனுக்குப் புரியாத பாஷையில அவனத் திட்டிட்டு நீ நிம்மதியாத் தூங்கினே. அவன் மூஞ்சியப் பாத்து, 'அவமேல கை வைக்காதடா'ன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலயா உனக்கு?"

"பயமா இருந்துச்சும்மா."

"எனக்கு மட்டும் தைரியமாவா இருந்துச்சு?"

போலீசில் அவர் எதையும் மறைக்கவில்லை. மணிக்கட்டை முறித்தது அவன்தான் என்று தனக்குத் தெரியும், தெரிந்தும் கேட்கவில்லை என்பதையும், எத்தனை முறை சுத்தியலை ஓங்கினார் என்பதையும் சொன்னார். அவனுக்கு நான்கு வருடம் கிடைத்தது. இவருக்கு எட்டு மாதம்.

எட்டு மாதத்தில் தங்கச்சி ஒரே ஒரு தடவை பார்க்க வந்தாள். தையல் கம்பெனியில் கூட வேலை செய்யும் ஒருத்தியோடு தங்கியிருப்பதாகச் சொன்னாள். கம்பிக்கு அந்தப் பக்கமிருந்தே, "வெளிய வந்ததும் என் வீட்டுக்கு வராதே. நானே கூப்பிடுறேன்" என்றாள்.

"எப்பம்மா?"

"தெரியாதுண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.