உப்புப் பார்க்க ஆளில்லை

பன்வில காப்பித் தோட்டத்துப் பங்களாவில் சமையலறையான குசினி, ராக்கம்மாவின் ராஜ்ஜியம். ஆனால் துரைக்கு மாட்டிறைச்சி சமைக்கும் நாளில் மட்டும் ராணிக்கு நாக்கு இல்லை. மாட்டிறைச்சியை அவள் வாயில் வைத்ததேயில்லை. கடைவீதியில் இறைச்சி விற்பவரின் மனைவி ஹவ்வா உம்மா இறைச்சியோடு வந்து, அடுப்படியிலேயே காத்திருந்து, ஒரு கரண்டி குடித்துப் பார்த்து உப்பு, உறைப்புச் சொல்லிவிட்டுப் போவாள். துரைக்கு இது தெரியாது. தெரிந்து என்ன செய்யப்போகிறார்?

அன்று காலையிலிருந்தே ராக்கம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இந்தியாவிலிருந்து தோணியில் வந்திறங்கி, காப்பி பறிக்க நடந்து வந்த கூட்டத்தில் அவள் தங்கை வேலாயியும் இருந்தாள். காய்ச்சலில் விழுந்தவளை வத்தேகமவில் ஒரு வழிக்கொட்டகையில் போட்டுவிட்டு மற்றவர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள், படுபாவிகள். தூக்கிவர வண்டி வேண்டும். தோட்டத்து மாட்டுவண்டி துரை சொன்னால்தான் அசையும். துரையோ, சாப்பாடு பிடித்தால் கேட்டதைக் கொடுப்பார். பிடிக்காவிட்டால் தட்டு பறக்கும். போதாததற்கு, தங்கை கண்ணில் படும்வரை எந்தக் கவிச்சியும் வாயில் படாது என்று மாரியம்மனுக்கு வேறு நேர்ந்திருந்தாள்.

ஹவ்வா உம்மா கொண்டுவந்த இறைச்சியைச் சூப்புக்குப் பொடியாக நறுக்கி, வெங்காயமும் மிளகும் போட்டுக் குழைய வேகவைத்தாள். மாவை வெண்ணெயில் வறுத்துப் பாலூற்றிக் கரைத்துச் சேர்த்தாள். வழக்கம்போல உப்பும் போட்டாள். அப்போது துரைசாணி வந்து, சீமையிலிருந்து கப்பலில் வந்த சீஸ் கட்டியைக் கொடுத்து, துருவிப் போடச் சொல்லிவிட்டுப் போனாள். போட்டதும் சூப்பு பொன்னிறமாகத் திரண்டது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"உம்மா, கொஞ்சம் பாருங்க" என்று கரண்டியை நீட்டினாள்.

ஹவ்வா உம்மா பின்வாங்கினாள். "இண்டைக்குத் தலை நோன்பு புள்ள. ராவு வானத்துல பொறை கண்டாச்சி. பொழுது படுமட்டும் வாயில ஒண்டும் வைக்கேலா."

ராக்கம்மா கரண்டியைச் சட்டிக்குள் போட்டாள். "இன்னைக்கின்னு பாத்தா நோன்பு வரணும்? இந்தக் கட்டி என்ன ருசின்னே எனக்குத் தெரியாதே!"

"அது உப்புல ஊறின சாமான் எண்டு சொல்றாங்க" என்றாள் ஹவ்வா உம்மா, மெதுவாக.

கூடத்தில் துரை கதிரையை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது. ராக்கம்மா சூப்பைப் பார்த்தாள், கரண்டியைப் பார்த்தாள், வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். நேர்த்தியைக் காத்தால் வண்டி கைவிட்டுப் போகும். வண்டியைக் காத்தால் நேர்த்தி போகும். என்ன பிழைப்பு இது! கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தாள். குமட்டியது. உப்பு கரித்துக் கொட்டியது.

அழ நேரமில்லை. வெந்த கிழங்கை மசித்துப் போட்டு, பாலையும் ஆடையையும் ஊற்றிக் கிண்டினாள். குடித்துப் பார்த்தாள். இன்னும் பால். மறுபடியும் குடித்தாள். ஹவ்வா உம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

துரை இரண்டு முறை வாங்கிக் குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் ராக்கம்மா கேட்டுவிட்டாள். "வண்டி எடு, போ" என்றார்.

வழியெல்லாம் அவளுக்கு மனசு ஆறவில்லை. குத்தம் செஞ்சது நான், அவள எடுத்துக்காத தாயே என்று புலம்பிக்கொண்டே போனாள். கொட்டகையை அடைந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. மூலையில் சாக்கின்மேல் வேலாயி கண்ணை மூடிக் கிடந்தாள்.

"தண்ணியக்கூடத் துப்புது" என்றான் காவல்காரன்.

ராக்கம்மா தங்கையின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவள் சேலைத் தலைப்பில் சூப்பு தெறித்துக் காய்ந்திருந்தது. வேலாயியின் மூக்கு அசைந்தது. கண் திறந்தது.

"அக்கா, என்னமோ வாசமா இருக்கே. எனக்குக் கொண்டாரலியா? பசிக்குது."

ராக்கம்மா ஓவென்று அழுதாள். தலைப்பை அவசரமாக இழுத்து மறைத்தாள்.

"இது நமக்கு ஆகாதுடி. வா, கஞ்சி காச்சித் தாரேன்."