றுஸ்தாவின் முன்பல்

ஜவுபருக்கு அந்தப் பல் கிளினிக்கிலிருந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது. ஓட வழியில்லை. காலை ஒன்பது மணிக்கே கல்முனையில் இராணுவச் சுற்றிவளைப்பு. டொக்டர் சிவரூபினி முன்கதவைப் பூட்டிவிட்டார். வெளி அறை வாங்குப் பலகையில் தம்பிமுத்து மட்டும் பொய்ப்பல் கட்ட வந்து அகப்பட்டிருந்தார்.

உள்ளே நாற்காலியில் ஜவுபரின் ஒரே மகள் றுஸ்தா வாயைப் பிளந்து கிடந்தாள். முன்பல்லைச் சுற்றி ரப்பர் துணி இறுக்கியிருந்ததால் அவளால் பேச முடியாது. கண்ணால் மட்டும் வாப்பாவைப் பார்த்தாள். ஒன்பது நாளில் அவளுக்குக் கலியாணம்.

பல்லின் வேர்க்குழாயைக் கழுவக் கிளோரின் நல்லதா, கசாயம் நல்லதா என்று டொக்டர் ஒரு வருடமாக ஒப்பிட்டு வந்தார். தகரப் பேணிக்குள் 'கிளோரின்', 'கசாயம்' என்று எழுதி மடித்த கடதாசித் துண்டுகள் கிடக்கும். வருகிறவர் எடுக்கிற துண்டுப்படி கழுவுவார். கசாயம் கடுக்காய், நெல்லி, தான்றி போட்டு அவரே காய்ச்சுவது. கிளோரினுக்கு அந்த யுத்த காலத்தில் ஊரில் ஒரே ஆள் கடைக்கார ஜவுபர்தான். சோதனைச் சாவடிக்குச் சாவடி சாமானை இறக்கி ஏற்றிக் கொழும்பிலிருந்து கொண்டு வருவார். வந்த எரிச்சலுக்கு ஒரு பீப்பாயில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி நாலு பீப்பாய் ஆக்குவார். தரை கழுவுகிற சாமான்தானே, யாருக்கு என்ன நட்டம் என்று பெரிய மனதோடு தன்னையே மன்னித்திருந்தார். மகள் கிளோரின் துண்டை எடுத்த அன்றுதான் தன் கடைப் போத்தலை இங்கே கண்டார். கண்டும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு தடவை கழுவியாயிற்று.

"கிளோரின்ல கழுவின எட்டுப் பேர்ல ஆறு பேருக்குப் பல்லக் கழட்டிட்டன் காக்கா," என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார் டொக்டர். "கசாயத்தில ஒராளுக்குத்தான். நானே நம்பல்ல. கசாயம் வெண்டிட்டுது எண்டு பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதப் போறன்."

"அப்ப மகளுக்கும் கசாயத்தால கழுவிப் பாக்கலாமே டொக்டர்?"

"கிளோரினுக்கே சாகாத கிருமி. அப்பிடியெண்டா வேரையும் தாண்டிப் போயிட்டுது. இனிக் கழுவிப் பிரயோசனமில்ல. கிளோரின் வலுக்குறைஞ்சதா இருந்தா இன்னொருக்காக் கழுவலாம். இது உங்கட கடைச் சாமானாச்சே!"

டொக்டர் சிரித்துக்கொண்டே ஊசி மருந்தை உறிஞ்சினார். குறடு தட்டில் பளபளத்தது.

"நாளைக்குச் செய்வமா?"

"இண்டைக்குக் கழட்டினாத்தான் கலியாணத்துக்குள்ள பொய்ப்பல்லுக் கட்டலாம்."

ஜவுபர் கணக்குப் போட்டார். சொன்னால் கடை போய்விடும், ஊரில் தலை காட்ட முடியாது, சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள். ஊசி மகளின் உதட்டருகே போயிற்று.

"டொக்டர், நில்லுங்க! அதில முக்காவாசி கிணத்துத் தண்ணி."

ஊசி நின்றது. றுஸ்தா கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணீர் காதுப் பக்கமாக ஓடியது. அவள் ஏசியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

டொக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். கிளோரின் போத்தலை எடுத்துப் பீங்கான் தொட்டியில் கவிழ்த்தார். கசாயத்தைக் கையிலெடுத்தார்.

"இந்தப் பல்லு தப்பும். மத்த ஆறையும் நான் வீணாக் கழட்டியிரிக்கன். என்ட ஒரு வருச வேலையும் போச்சு," என்றார். "அந்த ஆறு பேருக்கும் நான் சொல்ல மாட்டன் காக்கா. நீங்கதான் சொல்லோணும். அதில ஒராள் வெளிய இரிக்கார். போங்க."

ஜவுபர் வெளியே வந்தார். முன்கதவு பூட்டியபடியே இருந்தது. தெருவில் இராணுவச் சப்பாத்துச் சத்தம் கேட்டது. இருக்க இருந்தது அந்த ஒரு வாங்குதான்.

தம்பிமுத்து நகர்ந்து இடம் கொடுத்தார். "இரிங்க காக்கா. பிள்ளைட பல்லுத் தப்பிட்டா?" என்று கேட்டுவிட்டு, முன்பல் இல்லாத வாயால் மனம் நிறையச் சிரித்தார்.